மிதவை சொல்லாத கனம்



சென்ற இதழின் நொதித்தல் கட்டுரைக்கு வந்த கடிதங்களில் ஒன்று லண்டனிலிருந்து, வீட்டிலேயே பீர் காய்ச்சும் வாசகர் எழுதியது. (பிரிட்டனில் 1963 முதல் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் வேண்டாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. இங்கிருப்பவர்கள் படிப்பதோடு சரி.) அவருடைய குறை இது: ஹைட்ரோமீட்டர் என்ற மிதவை கடைசியில் 1.012 காட்டுகிறது, செய்முறையில் போட்டிருப்பதும் அதேதான், பீர் மட்டும் வாயில் தண்ணீராக ஓடுகிறது.

அந்த எண்ணை வைத்துக் கனத்தை, அதாவது பீர் வாயில் தரும் கெட்டித்தன்மையை, முடிவுகட்டக் கூடாது என்பதே என் கட்சி. ஹைட்ரோமீட்டருக்குத் தெரிந்தது அடர்த்தி ஒன்றுதான். தண்ணீர் என்றால் 1.000. மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு 1.050இல் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன எண் இறங்கும். ஆனால் சர்க்கரை போன இடத்தில் ஆல்கஹால் சேர்கிறது. அதன் அடர்த்தி 0.789, தண்ணீரைவிட லேசு. அதனால் மிச்சமிருக்கும் சத்தை மிதவை குறைத்தே காட்டுகிறது. அதே பீரைக் கொதிக்கவைத்து ஆல்கஹாலை ஓட்டிவிட்டு, குறைந்துபோன அளவுக்குத் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள்: 1.018ஐத் தாண்டும்!

நாக்கு ஏமாறுவதற்கு கின்னஸ் பீர் நல்ல உதாரணம். கறுப்பாக, கெட்டியாக, ஒரு வேளைச் சாப்பாடு போலத் தெரியும். ஆனால் ஆல்கஹால் சுமார் 4.2 சதவீதம்தான், கலோரியும் பட்வைசரைவிடக் குறைவு. அந்த வழவழப்பில் பெரும்பங்கு நைட்ரஜனுடையது. 1959இல் மைக்கேல் ஆஷ் என்ற கணிதவியலாளர் கின்னஸ் நிறுவனத்தில் கொண்டுவந்த ஏற்பாடு அது. நைட்ரஜன் எளிதில் கரையாது, குமிழ்கள் பொடிப்பொடியாக வரும், கார்பன் டை ஆக்சைடின் சுருக்கென்ற குத்தல் இருக்காது. மால்ட் ஆக்காத பார்லியிலிருந்து வரும் பீட்டா குளுக்கான் என்ற பசைப்பொருளும் கை கொடுக்கிறது. இதில் எதையும் மிதவை கண்டுகொள்வதில்லை.

இறுதி எண்ணுக்கும் கனத்துக்கும் உறவே இல்லை என்று சொல்ல வரவில்லை. மால்ட்டை 64 டிகிரியில் ஊறவைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை அதிகம். எண் நன்றாக இறங்கும். 69 டிகிரியில் ஊறவைத்தால் ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின் மிஞ்சும், எண் மேலே நிற்கும், கொஞ்சம் கனமும் கூடும். பால் சர்க்கரை சேர்த்த ஸ்டவுட் என்ற கறுப்பு பீரும் அப்படித்தான். ஆனால் எண் மேலே நிற்பதற்கு ஈஸ்ட் பாதியில் படுத்துவிட்டதும் காரணமாகலாம். அந்த நிலையில் புட்டியில் அடைத்தால் கிடைப்பது கனமல்ல, வெடிக்கும் கண்ணாடி. எண் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கி, சில நாள் இடைவெளியில் அளந்தும் அசையவில்லை என்றால்தான் மூடி போட வேண்டும்.

லண்டன் வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை செய்முறையில் வேறெதையும் மாற்றாமல், மால்ட்டில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதே பீட்டா குளுக்கானுக்காக அவல்போல் தட்டிய ஓட்ஸ் போடுங்கள். மிதவை என்ன சொன்னது, நாக்கு என்ன சொன்னது, இரண்டையும் எழுதியனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்