கை தட்டும் குழந்தையைத் தடுப்பது மார்க்கமா?



அங்கன்வாடியில் ஆட்டமும் பாட்டும்தான் நடக்கின்றன, ஆகவே பிள்ளையை அங்கே அனுப்ப வேண்டாம் என்றொரு பேச்சு நம் குடும்பங்களில் அவ்வப்போது எழுகிறது. சொல்வோரின் எண்ணம் நல்லெண்ணமே. பிள்ளை ஈமானோடு வளர வேண்டும் என்ற கவலையே அதன் வேர். ஆனால் அந்தக் கவலை தவறான வாசலில் போய்க் காவல் நிற்கிறது என்பதே நம் கட்சி. இரண்டு வயதுக் குழந்தை பாட்டுக்குக் கை தட்டுவதையும் கூட்டாளிகளோடு வட்டமாகச் சுற்றி வருவதையும் தடுத்துவிட்டு, அதே குழந்தை அழும்போது அதன் கையில் கைபேசியைத் திணிக்கும் வீட்டில் மார்க்கமும் காக்கப்படவில்லை, குழந்தையும் காக்கப்படவில்லை.

தடுப்பதற்கு முன் அங்கே நடப்பது என்னவென்று அறிந்துகொள்வது நீதி. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இன்று தமிழகத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள திருநாவலூர் வட்டாரத்துச் சிற்றூர்களுக்கும் இந்த மையமே முதல் பள்ளி. இம்மையங்களுக்கெனத் தமிழகத்தில் வகுக்கப்பட்ட முன்பருவக் கல்விப் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்பதுதான். இந்தப் பெயரைக் கேட்டவுடன் சிலர் முகம் சுளிக்கின்றனர். உள்ளே இருப்பதோ கதையும் பாட்டும் விளையாட்டும். பழம், காய்கறி, விலங்கு, வாகனம் என்று நாள்தோறும் காணும் பொருள்களைக் குழந்தை கை அசைத்தும் கால் பெயர்த்தும் கற்கிறது. யானையைப் போல அசைந்து நடப்பதும், முயலைப் போலத் தாவுவதும், கைகோத்து வட்டமிடுவதும் எந்த மதத்தின் சடங்கும் அல்ல.

இந்த வயதில் அசைவே மொழி. 5 முதல் 24 மாதம் வரையிலான குழந்தைகளை ஆராய்ந்து 2010-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, குழந்தைகள் வெறும் பேச்சைக் கேட்கும்போது அசைவதைவிட இசையையும் தாளத்தையும் கேட்கும்போது அதிகமாக அசைகிறார்கள் என்று காட்டியது. நடனம் என்ற சொல்லை அறியாத பருவம் அது. யாரும் கற்றுத்தந்த வித்தையும் அல்ல. படைத்தவன் அந்தச் சிற்றுடலில் வைத்த இயல்பு. அதே ஆண்டில் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நான்கு வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வில், சேர்ந்து பாடி ஆடி விளையாடிய குழந்தைகள், அவ்வாறு செய்யாதவர்களைவிடப் பிறகு ஒருவருக்கொருவர் முன்வந்து உதவினர். அடுத்த குழந்தையோடு ஒத்து அடி வைப்பது, அதன் முறை வரும்வரை காத்திருப்பது, கீழே விழுந்த தோழனுக்குக் கை கொடுப்பது ஆகியவை நாமும் நம் பிள்ளைகளிடம் வேண்டும் அக்லாக் அல்லவா?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலையும் இங்கே நினைவுபடுத்துவோம். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டு முதல் நான்கு வயதினருக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது. நம் வீடுகளில் கணக்கு பெரும்பாலும் தலைகீழாக நிற்கிறது. அங்கன்வாடிப் பாட்டு ஆகாது என்று வீட்டில் இருத்தப்படும் குழந்தை, திரையில் ஓடும் சினிமா ஆட்டத்தை அசையாமல் உட்கார்ந்து பார்க்கிறது. எதிலிருந்து காக்க நினைத்தோமோ அதற்கே பிள்ளையைக் காணிக்கையாக்கி விடுகிறோம்.

இனி மார்க்கத்திற்கு வருவோம். நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுதார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஸஜ்தாவில் இருந்தபோது பேரக் குழந்தை முதுகில் ஏறிக்கொள்ள, அதன் ஆசை தீரட்டும் என்று ஸஜ்தாவையே நீட்டித்ததை நஸாயீ பதிவு செய்கிறது. பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரு சிறுமியர் பாடிக்கொண்டிருந்தபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்துகொண்டார்கள். விட்டுவிடுமாறு சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்களே. அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடியதை ஆயிஷா (ரலி) அவர்கள் தாமே போதும் என்று சொல்லும்வரை பார்க்க இடம் தந்தவர்களும் அவர்களே.

அபிசீனியர் விளையாட்டு போர்ப்பயிற்சி, அதை நடனத்திற்குச் சான்றாக்கலாகாது என்று மறுப்போர் உண்டு. இருக்கட்டும். பெரியவர்களின் நடனத்திற்கு நாம் அதைச் சான்றாகக் காட்டவில்லை. தாளத்தோடு கூடிய உடலசைவைக் கண்ட மாத்திரத்தில் பதறும் வழக்கம் நபிவழியில் இல்லை என்பதற்கே காட்டுகிறோம். இசைக்கருவிகள் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தஃப் தவிர வேறு கருவி வேண்டாம் என்பார் சொல்லையும் மதிக்கிறோம். ஆயினும் அங்கன்வாடிப் பாட்டுக்குக் கருவி எதற்கு? டீச்சரின் குரலும் குழந்தைகளின் கைத்தாளமும் போதுமே.

நம் மக்தபையே எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, முன்னும் பின்னும் அசைந்து, ஒரே குரலில் அலிஃப், பே, தே என்று ஓதுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஓசையும் அசைவும் சேர்ந்தால்தான் பிஞ்சு நெஞ்சில் பாடம் நிற்கும் என்பதை நம் ஹஜ்ரத்மார்கள் எந்த ஆய்வும் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். அத்தாவின் பக்கத்தில் நின்று ருகூவும் ஸஜ்தாவும் செய்து பார்க்கும் ஒன்றரை வயதுக் குழந்தையும் அசைவின் வழியே தொழுகையைக் கற்கத் தொடங்குகிறது.

தமிழ் முஸ்லிம்களின் மரபும் இதையே சொல்கிறது. நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய முஸ்லிம் புலவர்கள் நம்மிடையே வாழ்ந்தார்கள். பிள்ளைத்தமிழின் பருவங்கள் என்பன யாவை? கையையும் முழங்காலையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் சப்பாணி, சிறுபறை முழக்குதல், சிறுதேர் உருட்டுதல். குழந்தை மாதந்தோறும் கற்கும் அசைவுகளையே வரிசைப்படுத்தி இலக்கியமாக்கினார்கள். அந்த வடிவத்தை நம் முன்னோர் அந்நியம் என்று தள்ளவில்லை. தம் உயிரினும் மேலான நபியைப் பாடவே அதை எடுத்துக்கொண்டார்கள். தாலாட்டும் கும்மியும் சிந்தும் அவ்வாறே நம் புலவர் கையில் தீனின் பாட்டாயின. நிக்காஹ் ஊர்வலத்தில் தப்ஸ் அடித்து பைத் ஓதிச் சென்றதும் நாம்தான். இலங்கையின் கிழக்குக் கரை முஸ்லிம்கள் களிக்கம்பும் பொல்லடியும் ஆடினார்கள். கேரளத்து மாப்பிளமாரின் கோல்களியும் தஃப்முட்டும் இன்றும் அந்த மாநிலப் பள்ளிக் கலைவிழாவில் போட்டிப் பிரிவுகளாக உள்ளன. இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் வரிசையாக மண்டியிட்டு அமர்ந்து, மார்பிலும் தொடையிலும் தட்டித் தாளமிடும் சமன் ஆட்டத்தை யுனெஸ்கோ 2011-இல் பாதுகாக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அதை ஆடுவோர் முஸ்லிம்கள். அவர்கள் பாடுவதில் மார்க்க போதனையும் உண்டு.

எல்லை எங்கே என்று இப்போது கேட்கலாம். அதைக் காட்ட திருநாவலூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் இது. குழந்தையாக அவர் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடியபோதே நரசிங்க முனையரையர் கண்டு, கேட்டு வாங்கி வளர்த்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அது நம் சைவ சகோதரர்களின் பக்திக்குரிய வரலாறு. ஆனால் அந்தச் சிறுதேர் எந்தச் சமயத்தின் சொத்து? அதே சிறுதேரைத்தான் முஸ்லிம் புலவரும் தம் பிள்ளைத்தமிழில் உருட்டினார். சிறுதேர் விளையாட்டு, தேர்த்திருவிழா வழிபாடு. இவ்விரண்டையும் பிரித்தறியும் தெளிவு நம் முன்னோரிடம் இருந்தது. அண்டை வீட்டாரின் வழிபாட்டை மதித்து விலகி நின்றார்கள். அண்டை வீட்டுக் குழந்தையோடு சேர்ந்து விளையாடத் தம் பிள்ளைகளை அனுப்பினார்கள்.

அந்தத் தெளிவே இன்றும் நமக்கு அளவுகோல். கும்மியில் கை தட்டி வட்டமிடுவது விளையாட்டு. அந்தக் கும்மி ஒரு தெய்வத்தைச் சுற்றி, அதைப் போற்றிப் பாடுவதாயின் நம் பிள்ளை விலகி நிற்க வேண்டும். வடதமிழகத்துத் தெருக்கூத்து பெருமைக்குரிய கலை; ஆயினும் திரௌபதி அம்மன் விழாவின் அங்கமாக அது நிகழும்போது அதில் நம் குழந்தைக்கு வேடமிட வேண்டிய அவசியமில்லை. அங்கன்வாடியிலோ பள்ளியிலோ வழிபாட்டுப் பாட்டு வந்தால், பிள்ளையை நிறுத்துவது முதல் தீர்வு அல்ல. டீச்சரிடம் சென்று பணிவாகச் சொல்வதே முதல் தீர்வு. அரசின் முழுச் செலவில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்பதும், அரசு அங்கீகாரமோ நிதியோ பெறும் நிலையங்களில் பெற்றோர் சம்மதமின்றிச் சிறுவரை மதபோதனையில் பங்கேற்கச் செய்யலாகாது என்பதும் அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. உரிமையைக் கேட்கச் சண்டை வேண்டாம். நேரில் சென்று நான்கு வார்த்தை பேசினால் போதும்.

இன்னொரு எல்லையும் உண்டு. பேச மறந்த எல்லை அது. ஆண்டுவிழா என்ற பெயரில் மூன்று வயதுச் சிறுமிக்கு உதட்டுச் சாயம் பூசி, காதல் பாட்டுக்கு இடுப்பை அசைக்கப் பழக்கி, மேடையேற்றிப் படம் பிடிக்கும் வழக்கத்தை நாம் எதிர்க்கிறோம். அது குழந்தையின் விளையாட்டன்று, பெரியவர்களின் கண்காட்சி. அங்கே குழந்தை தன் மகிழ்ச்சிக்காக அசைவதில்லை. பிறர் பார்ப்பதற்காக அசைக்கப்படுகிறது. வியப்பு என்னவெனில், அங்கன்வாடியின் காய்கறிப் பாட்டைக் கண்டிக்கும் வாய்களில் சில, கட்டணம் வாங்கும் பள்ளியின் மேடை ஆட்டத்திற்கு மட்டும் மௌனம் காக்கின்றன. ஹயாவின் அளவுகோல் பள்ளிக் கட்டணத்தைப் பார்த்து மாறலாமா?

குழந்தையின் மீது குற்றம் எழுதப்படாது, பொறுப்பு பெற்றோருடையது என்பார்கள். உண்மை. அந்தப் பொறுப்பு தடுப்பதோடு முடிந்துவிடுமா? ஆகாததை விலக்குபவர் ஆகுமானதைக் கொடுக்கவும் கடமைப்பட்டவர். வேண்டாம் என்ற சொல்லை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கு மார்க்கம் என்பது ஒரு பூட்டிய கதவாகவே தோன்றும். திறந்த கதவொன்றையும் நாம் காட்டியாக வேண்டும்.

ஆகவே தாய்மார்களே, மக்ரிபுக்குப் பின் பத்து நிமிடம் கைபேசியை அலமாரியில் வைத்துவிட்டுக் குழந்தையோடு தரையில் அமருங்கள். கை தட்டி ஐந்து கடமைகளை எண்ணுங்கள். பாட்டிமார் பாடிய தாலாட்டையும் கும்மி மெட்டையும் கேட்டு வாங்கிப் பாடுங்கள். அவர்களோடு அவையும் மண்ணுக்குள் போய்விட வேண்டாம். ஜமாஅத் பெரியவர்களே, பெருநாள் மாலையில் சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தப்ஸ் அடிக்கத் தெரிந்த முதியவர், சிலம்பக் கம்பு சுழற்றத் தெரிந்த இளைஞர், பைத் ஓதத் தெரிந்த ஹஜ்ரத் மூவரும் இருந்தால் போதும். மேடையும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம். அங்கன்வாடிக்கு அனுப்பும் பெற்றோரே, மாதம் ஒருமுறை அங்கே சென்று பிள்ளை என்ன பாடுகிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டில் அதனோடு சேர்ந்து பாடுங்கள்.

நபி (ஸல்) அவர்களின் முதுகில் ஏறிய குழந்தையை அன்று எவரும் இறக்கிவிடவில்லை. கை தட்டிச் சிரிக்கும் நம் வீட்டுக் குழந்தையின் கைகளை மட்டும் நாம் ஏன் பிடித்து நிறுத்த வேண்டும்? நம் மக்களைக் கண்களுக்குக் குளிர்ச்சியாக்கி, எல்லையை அறியும் தெளிவையும் எல்லைக்குள் மகிழும் மனத்தையும் நமக்கு அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.