கூட்டிற் பரப்பும் மரச்சீவல்: ஊவாத் தோட்டங்களை முன்வைத்து ஒரு மறுப்பு

பதுளை, பசறை, ஹாலி-எல, தெமோதரை, லுணுகலை எனப் பரந்து கிடக்கும் தேயிலைத் தோட்டங்களில், லயத்தின் பின்புறத்தே ஒரு சிறு கூடு இருப்பது புதுமையன்று. நாலைந்து கோழி, ஒரு சோடி முயல், சிலவேளைகளிற் பிள்ளைகளின் ஆசைக்கு வெள்ளெலி என்பன அதில் வாழும். தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992 இல் மீண்டும் கம்பனிகளின் முகாமைக்குச் சென்றன. நிருவாகம் கைமாறியது; லயம் மாறவில்லை. காணியுரிமையற்ற குடும்பத்துக்கு அக்கூடே சேமிப்பு, அதுவே அவசரகாலத்துக் கைப்பணம்.

அக்கூட்டிற் பரப்பப்படுவது மரக்காலையிலும் தச்சுப்பட்டறையிலும் கழிக்கப்படும் சீவலும் தூளுமேயாம். “மரத்தூள்தானே, எந்த மரமானால் என்ன?” என்று கொடுப்போரும் கேட்பதில்லை, கொள்வோரும் கேட்பதில்லை. மலிவாகக் கிடைப்பது தீங்கற்றது என்ற இந்த நம்பிக்கை பிழையானது. அப்பிழையின் விலையைச் செலுத்துவோர் அதனைச் செலுத்த இயலாதவர்கள் என்பதே இங்கு வற்புறுத்தப்படவேண்டியது.

மரங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஊசியிலை மரங்களிற் பிசினும் எளிதில் ஆவியாகும் மணப்பொருள்களும் மிகுந்துள்ளன. மனிதருக்கு இனிமையாகத் தோன்றும் அம்மணம், இரவும் பகலும் அதன்மேற் கிடந்து அதனையே சுவாசிக்கும் சிறுபிராணிக்கு வேறொன்றாகின்றது. 1967 இல் எலியட் வெசெல் என்னும் அமெரிக்க ஆய்வாளர், செஞ்சீடர், பைன் ஆகியவற்றின் சீவலில் வைக்கப்பட்ட எலிகளின் ஈரலில், மருந்துகளைச் சிதைக்கும் நொதியங்கள் மிகுந்திருப்பதைக் கண்டார். பீச், பேர்ச், மேப்பிள் ஆகிய வன்மரங்களின் சீவலில் இருந்த எலிகளில் இம்மாற்றம் காணப்படவில்லை. படுக்கைதானே என்று எண்ணப்பட்ட பொருள் ஈரலின் தொழிலையே மாற்றியது என்பது இதன் பொருள்.

செஞ்சீடர் ஊவாவின் மரமன்று என்று ஒதுக்கிவிடலாம்; பைனை அவ்வாறு ஒதுக்க முடியாது. பத்தனைப் புல்வெளிகளிலும் அரிப்புண்ட சரிவுகளிலும் கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பெருமளவில் நடப்பட்டது. நன்கு உலர்த்தப்படாத பைன் சீவல் கூட்டுக்கு உகந்ததன்று. சூளையில் உலர்த்தும்போது அதன் ஆவிப்பொருள்களிற் பெரும்பகுதி நீங்கும். ஆகவே பைன் என்றதும் அஞ்சுவது அறியாமை. உலர்ந்ததா என்று கேளாமற் பரப்புவதும் அறியாமையே. தேயிலைக்கு நிழல் தரும் சபுக்கு, அதாவது கிரெவிலியா, சிலரது தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும் பொருளைத் தன்னகத்தே கொண்டது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மரத்தின் இயல்பிலும் கொடியது மரத்துக்கு ஊட்டப்பட்ட நஞ்சு. 1933 இல் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்திற் சொந்தி காமேசன் என்பார், செம்பு, குரோமியம், ஆசனிக்கு ஆகியவற்றைக் கலந்து மரங்காக்கும் மருந்தொன்றை உருவாக்கினார். கறையானையும் உளுப்பையும் தடுத்து, மின்கம்பங்களுக்கும் வேலித் தூண்களுக்கும் நீண்ட ஆயுள் தந்த அரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் கறையானைக் கொல்வது முயலுக்கு உணவாகாது. அத்தகைய மரத்தை அறுத்த தூள் கூட்டிலும் இடத்தகாதது, அடுப்பிலும் இடத்தகாதது. இவ்வாறே குளோரோபீனோல் வகை மருந்தேறிய சீவலிற் பங்கசு வளர்ந்து, அதிலிருந்து பிறந்த பொருள் கோழியிறைச்சியிற் பூசணவாடையை ஏற்படுத்தியதை 1972 இல் பிரித்தானிய ஆய்வாளர் வெளிப்படுத்தினர். கூட்டிற் கிடப்பது கூட்டோடு நின்றுவிடுவதில்லை. அது உண்பவரின் கலத்துக்கும் வந்துசேரும்.

மூன்றாவது கேடு ஈரம். பதுளை தன் மழையிற் பெரும்பங்கை வடகீழ்ப் பருவக்காற்றினாற் பெறுகின்றது. ஐப்பசி தொடங்கித் தைவரை நனைந்து கிடக்கும் சீவலில், சிறுநீரிலிருந்து அமோனியா எழுந்து மூச்சுக்குழாயை அரிக்கும். அசுப்பர்கில்லசு என்னும் பங்கசு வித்துகள் குஞ்சுகளின் நுரையீரலிற் புகுந்து அவற்றை மாய்க்கும். “குளிரிற் செத்தது” என்று கழிக்கப்படும் குஞ்சுகளுள் எத்தனை இவ்வாறு மாய்ந்தனவோ!

“மனிதருக்கே நல்ல படுக்கையில்லாத இடத்தில் முயலின் படுக்கைக்கு ஆராய்ச்சியா?” என்று எள்ளுவோர் உளர். வறுமையை அறிந்தோர்போற் பேசும் இவர்கள் வறியவரின் கணக்கை அறியார். ஒரு முயல் சாவது ஒரு பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்குமான காசு சாவதாகும். மேலும், மரத்தூள் விலங்குக்கு மட்டும் பகையன்று. அது மனிதரிற் புற்றுநோய் உண்டாக்குவது என 1995 இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. கூட்டைப் பற்றிய கேள்வி மரக்காலைத் தொழிலாளியின் மூச்சைப் பற்றிய கேள்வியுமாகும்.

செய்யவேண்டியது பெருஞ்செலவுடையதன்று. மருந்தும் வர்ணமும் ஏறாத, நன்குலர்ந்த வன்மரச் சீவலைத் தூள்போகச் சலித்து இடுக. அது கிடையாதவிடத்து, மகியங்கனைப் பக்கத்து வயல்களின் உலர்ந்த உமியும் வைக்கோலும் போதும். ஊவாத் தேயிலைக்கு மணந்தரும் வறண்ட கச்சான் காற்றே சீவலையும் உலர்த்தித் தரும். ஆடி, ஆவணியில் உலர்த்திச் சேமித்தால் மாரிக்கு உதவும். நனைந்த பகுதியை அன்றன்றே அகற்றுக. மூக்கை உறுத்தும் கூடு, உயிரையும் உறுத்தும்.

எஞ்சுவது கற்றோரின் கடமை. பேராதனையில் விலங்கு மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கின்றது. ஆங்கில ஏடுகளில் அரைநூற்றாண்டாகக் கிடக்கும் இவ்வறிவு, லயத்துத் தாயொருத்தி வாசிக்கத்தக்க தமிழில் ஒரே பக்கமாக அவள் கைக்குச் செல்லவேண்டும். மரக்காலைச் சாக்கில் மரத்தின் பெயரும், மருந்தேறியதா இல்லையா என்பதும் எழுதப்படவேண்டும். இவ்விரண்டுக்கும் புதிய ஆய்வு வேண்டியதில்லை, மனமே வேண்டும். அது இல்லையெனின், குஞ்சுகளைக் கொல்வது மரச்சீவல் மட்டுமன்று, அறிந்தோரின் மௌனமுமாகும்.