பழைய விளக்குக்கு எந்தப் பல்பு?

முன்னோர் கட்டிய வீட்டை இடிக்காமல் புதுப்பித்து வாழும் ஆர்வம் இந்நாளில் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. அண்மையில், 1935-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ஓர் இல்லத்திற்கு நாம் சென்றிருந்தோம். பரணில் கிடந்த பித்தளைத் தொங்குவிளக்குகளைப் பேரப்பிள்ளைகள் துலக்கி, கூடத்திலும் மாடிப்படியிலும் மாட்டியிருந்தனர். அவற்றினுள்ளே, இழைகள் வெளித்தெரியும் பழுப்பு மஞ்சள் பல்புகள். “அந்தக் காலத்துப் பல்பு” என்று பெருமையோடு கூறினர். பாட்டியம்மாவோ சுவரைத் தடவியவாறே படியிறங்கி வந்தார். “என் மாமனார் காலத்திலும் இந்த வீடு இப்படி இருண்டிருந்ததில்லையே!” என்றார்.

பாட்டியம்மாவின் சொல்லே வரலாற்றுக்கும் ஒத்தது. எடிசன் 1879-இல் எரியவிட்ட பல்பின் இழை கரியால் ஆனது. மறு ஆண்டிலேயே மூங்கிலைக் கரியாக்கி இழை செய்தார். அதன் ஒளி மங்கலானது, செம்மஞ்சள் நிறமுடையது. இன்று அலங்காரத்திற்கென விற்கப்படும் பல்புகள் இதனையே பின்பற்றுகின்றன. ஆனால் 1904-இல் டங்ஸ்டன் இழை தோன்றிவிட்டது. கூலிட்ஜ் என்பார் அதனை முறியாத மெல்லிய கம்பியாக நீட்டும் வழியைக் கண்டார். 1913-இல் லாங்மூர் பல்பினுள் வாயுவை நிரப்பி ஒளியைப் பெருக்கினார். கண் கூசாதபடி கண்ணாடியின் உட்புறத்தை வெண்மையாக்கிய பல்பு 1925-இல் வந்தது. ஆகவே, 1935-இல் வீடு கட்டியவர் கரியிழைப் பல்பைத் தேடிச் சென்றிருக்கமாட்டார். டங்ஸ்டன் பல்பையே வாங்கியிருப்பார். பழமை என்பது இருட்டன்று!

எனவே, பல்பு வாங்குமுன் வீட்டின் வயதையும் விளக்கின் வயதையும் அறிந்துகொள்வோம். 1910-க்கு முற்பட்ட விளக்காயின், இழை தெரியும் மங்கிய பல்பு பொருந்தும். அதற்குப் பிற்பட்டதாயின், தெளிந்த கண்ணாடியோ வெண்ணிறக் கண்ணாடியோ கொண்ட சாதாரணக் குண்டு பல்பின் வடிவமே தகும். பால்நிறக் கண்ணாடி உருண்டைக்குள் பல்பு மறைந்துவிடுவதால், அங்கே வடிவத்தைப் பற்றிய கவலை வேண்டா.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் எண்ணால் பல்பின் உறைமீது குறிப்பர். டங்ஸ்டன் குண்டு பல்பின் நிறத்திற்கு 2700 என்று குறித்த எல்.இ.டி. பல்பு பொருந்தும். கரியிழையின் சாயல் வேண்டுவோர் 2000 முதல் 2200 வரை உள்ளதைக் கேட்கலாம். 6500 என்பது நீலம் கலந்த வெண்மை; பழைய கூடத்தில் அது அந்நியமாகத் தோன்றும். அயல்நாட்டிலிருந்து வருவிக்கும் பல்பு 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்றும் பார்த்தல் வேண்டும். 120 வோல்ட் பல்பை நம் வீட்டில் மாட்டினால் அது கெட்டுப்போகும்.

அழகினும் முதன்மையானது பாதுகாப்பு. இழை பல்பு உண்ணும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகவே கழிகின்றது. துணி சுற்றிய பழைய ரப்பர் ஒயர் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து, தொட்டாலே உதிரும். அதனருகே 100 வாட் பல்பு இராப்பகலாய் எரிந்தால் விளைவு என்னாகும்? ஆகவே விளக்கை மாட்டுமுன் தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஒயரையும் ஹோல்டரையும் புதிதாக மாற்றி, பித்தளை உடலுக்கு எர்த் இணைப்பும் கொடுத்துவிடுதல் நன்று. இழை போன்ற தோற்றமுள்ள எல்.இ.டி. பல்பு சில வாட் மின்சாரத்திலேயே போதிய ஒளி தரும், சூடும் குறைவு. எனினும் காற்றுப் புகாத மூடிய உருண்டைக்குள் அதுவும் விரைவில் பழுதாகலாம். மூடிய விளக்குக்கு ஏற்றது என்று உறையில் குறித்திருப்பதையே வாங்குக.

நாம் கூறியதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டனர். கூடத்தின் ஒரு மூலையில் மட்டும் அந்த மஞ்சள் பல்பு அழகுக்காக இருக்கின்றது. மாடிப்படியில் வெண்ணிறப் பல்பு எரிகின்றது. மறுமுறை நாம் சென்றபோது, பாட்டியம்மா சுவரைத் தொடாமலே இறங்கி வந்து நம்மை வரவேற்றார். மூத்தோரின் விளக்கைப் போற்றும் நாம், வீட்டிலுள்ள மூத்தோரின் கண்களையும் நினைத்துப் பல்பைத் தேர்ந்தெடுப்போமாக.