தக்காளி விலைக்கு மாடித்தோட்டம் இன்சூரன்ஸ் ஆகாது. விதை டப்பா வேற கதை

தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டினா போதும், மாடித்தோட்ட கிட் விளம்பரம் போன்ல வரிசையா வர ஆரம்பிச்சிடும். இனிமே மார்க்கெட் பக்கமே போக வேண்டாம்ங்கற மாதிரி ஒரு படம். சம்பளம் கிரெடிட் ஆன வாரமா இருந்தா நம்மாளுங்க யோசிக்காம ஆர்டர் போட்டுடறாங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் இந்தக் கணக்கைப் பாருங்க.

பயம் பொய்யில்லை. 2023 ஜூலையில நாடு முழுக்கக் காய்கறிப் பணவீக்கம் 37.34%. தமிழ்நாட்டுல ரேஷன் கடையில தக்காளியை 60 ரூபாய்க்கு அரசே விக்க வேண்டி வந்துச்சு. 2024 அக்டோபர்ல மறுபடியும் 42.18%. அந்த ரெண்டு வருஷத்துல உங்க இன்க்ரிமென்ட் எவ்வளவுன்னு நான் கேட்கலை. அடுத்து 2025-ல அதே காய்கறி விலை முந்தின வருஷத்தைவிடக் கீழே போச்சு. சம்பளக்காரனுக்குத் தொந்தரவே இந்த ஏத்த இறக்கம்தான். பட்ஜெட்ல எந்த எண்ணைப் போடறதுன்னே தெரியாது.

சரி, மாடியில நாமே விளைவிச்சா இந்த ரிஸ்க் போயிடுமா? போகாது. மியூச்சுவல் ஃபண்ட் வீடியோக்கள்ல அடிக்கடி சொல்றதுதான்: ஒண்ணு விழும்போது கூடவே விழற இன்னொண்ணை வாங்கி வெச்சா அது டைவர்சிஃபிகேஷன் இல்லை. ஆத்தூரையே எடுத்துக்கோங்க. பக்கத்துல தலைவாசல் காய்கறி மார்க்கெட். சீசன்ல உங்க மாடியில தக்காளி பழுக்கற அதே வாரம் சுத்துப்பட்டு ஊர்த் தக்காளி எல்லாம் அங்கே வந்து குவியும், விலை அடிமட்டத்துல கிடக்கும். நீங்க மிச்சம் பண்றது கிலோவுக்குப் பத்தோ இருபதோ. விலை ஏறுற மாசத்துல என்ன ஆகும்? பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினா தக்காளியில பூ உதிரும், காய் பிடிக்காது. அது வயலுக்கும் ஒண்ணுதான், உங்க கிரோ பேக்குக்கும் ஒண்ணுதான். சொல்லப்போனா கான்கிரீட் தளத்துல சூடு இன்னும் அதிகம். மழையும் அப்படித்தான். 2024 டிசம்பர் முதல் தேதி ஃபெஞ்சல் புயலுக்கு ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டினது ஞாபகம் இருக்கும். வயலை மூழ்கடிக்கிற மழை மாடிச் செடியை மட்டும் விட்டுட்டுப் போகாது.

இப்ப ரூபாய்க் கணக்கு. பத்து பை வெக்கறீங்க. பை, தென்னை நார்க்கழிவு, செம்மண், மக்கின உரம் எல்லாம் சேர்த்து 3,000 ரூபாய்னு வெச்சுக்குவோம் (உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்கோங்க). நல்லா விளையற எட்டு மாசம், மாசம் 300 ரூபாய்க்குக் காயும் கீரையும். வருஷத்துக்கு 2,400. அதுல விதை, நாத்து, உரம்னு ஒரு 900 போச்சுன்னா மிச்சம் 1,500. போட்ட காசு கைக்கு வரவே ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள வெயில்ல பை நைஞ்சு கிழிய ஆரம்பிச்சிருக்கும். உங்க உழைப்புக்குக் கூலி போடலை, தண்ணி லாரிக்குக் காசு குடுக்கற வீடா இருந்தா அதையும் சேர்க்கலை. பிடிச்சிருந்தா தாராளமா வளருங்க, அது ஹாபி செலவு. கீரை, கறிவேப்பிலை, பிரண்டை மாதிரி அதிகம் பாடுபடுத்தாததை வெச்சா நஷ்டம் கம்மி. இன்வெஸ்ட்மென்ட்னு மட்டும் எழுதாதீங்க.

ஆனா இந்தக் கணக்குல எங்கயும் வராத ஒரு சொத்து இருக்கு. விதை.

"விதை பாக்கெட் முப்பது ரூபாய், அதுல என்ன பெருசா மிச்சம்?"னு கேப்பீங்க. காசுல ஒண்ணும் பெருசா இல்லைதான். நான் சொல்றது கடையில முப்பதாயிரம் குடுத்தாலும் கிடைக்காத விதையை. உங்க அம்மாயி வீட்டுக் கொல்லையில ஏறியிருக்கற அவரை, வேலியோரச் சுரை, பேரே தெரியாத அந்தக் கத்தரி. ஒரு வருஷம் யாரும் விதைக்கு விடலைன்னா முடிஞ்சது. திரும்ப வாங்க எந்த மார்க்கெட்டும் கிடையாது.

ஆத்தூர்க்காரங்களுக்கு இதுல ஒரு தனிப் பெருமையே இருக்கு. ஆத்தூர் கிச்சிலி சம்பா கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த நெல்லுல இயற்கையாவே மாறி நின்ன ஒரு பயிரைத் தனியா பிரிச்சு எடுத்ததுதான் 1921-ல வந்த ஜி.இ.பி. 24. அந்த ஜி.இ.பி. 24-ஐ ஒரு பெற்றோரா வெச்சு 1986-ல ஆந்திராவோட பாபட்லாவிலிருந்து வந்தது பி.பி.டி. 5204, அதாவது சம்பா மசூரி. கடையில "ஆந்திரா பொன்னி"ன்னு நாம மூட்டையா வாங்கறது அதைத்தான். நம்ம ஊர் நெல்லு, நூறு வருஷம் சுத்தி, ஆந்திரா பேர்ல நம்ம தட்டுக்கே வருது! யாரோ ஒருத்தர் அந்தப் பயிரைக் கவனிச்சு, அதோட விதையை மட்டும் தனியா எடுத்து வெச்சதால வந்தது.

நீங்க செய்யவேண்டியதும் அந்தச் சின்ன வேலைதான். மே மாச வெயிலைத் தாண்டி நின்ன செடி எதுவோ, அதுல ஒரு நல்ல காய்க்குத் துணி கட்டி விடுங்க. பறிக்காதீங்க, முத்தட்டும். தக்காளின்னா நல்லாப் பழுத்ததைப் பிழிஞ்சு ரெண்டு மூணு நாள் புளிக்க விட்டுக் கழுவி, நிழல்ல காய வைங்க. அவரை செடியிலயே காயட்டும். நல்லாக் காஞ்ச தக்காளி விதை மூணு நாலு வருஷம் தாங்கும். வெங்காய விதை ஒரு வருஷத்துலயே முளைப்பு குறைஞ்சிடும். பாக்கெட்ல எஃப்1 ஹைபிரிட்னு போட்டிருந்தா அதுல விதை எடுக்காதீங்க, அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. நாட்டு ரகம்தான் வேணும்னு இல்லை, வேளாண் பல்கலைக்கழகத்தோட பி.கே.எம். 1 தக்காளி மாதிரி ரகங்கள்லயும் எடுக்கலாம். சுரை, பாகல் மட்டும் கொஞ்சம் தகராறு. பக்கத்து வீட்டுல வேற ரகச் சுரை பூத்திருந்தா தேனீ அதோட மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துடும். அதனால அவரை, தக்காளியில ஆரம்பிங்க.

எடுத்த விதையை ஒரே டப்பாவுல பூட்டி வெக்காதீங்க. திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் ஜெயராமன் விதைத் திருவிழாவுல ரெண்டு கிலோ விதைநெல் குடுத்து, அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் கேட்டார். வட்டின்னு பார்த்தா 100%. ஆனா அவருக்கு முக்கியம் வேற. ஒரு விவசாயி வயல்ல வெள்ளம் வந்தாலும் அந்த ரகம் இன்னொருத்தர் வயல்ல உயிரோட இருக்கும். நூத்தி அறுபதுக்கும் மேல பாரம்பரிய நெல் ரகங்கள் அப்படித்தான் மீண்டுச்சு. நீங்களும் ஒரு கைப்பிடியை ஆபீஸ்ல ரெண்டு பேருக்குக் குடுத்து வைங்க. உங்க மாடியில செத்துப்போனா அவங்ககிட்ட கேட்டு வாங்கிக்கலாம்.

கிட்டுக்குன்னு நெனச்ச 3,000 ரூபாயை எமர்ஜென்சி ஃபண்ட்ல போட்டுடுங்க. ஆடிக்கு ஊருக்குப் போறப்ப நாலு காலி டப்பா, ஒரு பேனா எடுத்துட்டுப் போங்க. அம்மாயியோ அப்பாயியோ, யார் இருக்காங்களோ அவங்ககிட்ட ஒவ்வொரு விதைக்கும் பேர் கேட்டு டப்பா மேலயே எழுதிக்கோங்க. எந்தப் பட்டத்துல போடுவாங்க, தண்ணி இல்லாத வருஷம் எது தாங்குச்சு, எது போச்சுன்னும் அதுலயே எழுதிடுங்க.