எண்ணத்தின் சுவடு

மூளையைப் படம்பிடிக்கும் கருவி மனத்தையே படித்துவிடுகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. அக்கருவி உண்மையில் காண்பது எதனை? குருதியோட்டத்தை. மூளையின் ஒரு பகுதி செயற்படும்போது அங்கு உயிர்வளி நிறைந்த குருதி மிகுதியாகப் பாய்கிறது. உயிர்வளியை ஏந்திய ஹீமோகுளோபினும் அதனை இழந்த ஹீமோகுளோபினும் காந்தப்புலத்தில் வெவ்வேறு வகையாக நடந்துகொள்கின்றன. இவ்வேறுபாட்டைக் கொண்டு மூளையின் செயலைப் படமாக்க இயலும் என்று ஜப்பானிய அறிவியலாளர் செய்ஜி ஓகாவாவும் அவர்தம் குழுவினரும் 1990இல் காட்டினர். செயல்சார் எம்.ஆர்.ஐ. முறை அதன் வழியே வளர்ந்தது.

நரம்பணுக்கள் நொடியின் சிறு கூறில் தம் செய்தியைக் கடத்திவிடுகின்றன. குருதியோட்டமோ பெருகித் தணிய ஏறத்தாழ 10 நொடிகள் ஆகின்றன. அதற்குள் பேசுபவர் இருபது சொற்களைக் கடந்திருப்பார். ஊர்வலம் போன பின்பு தெருவில் சிதறிக் கிடக்கும் பூவிதழ்களைக் கொண்டு, யார் யார் சென்றனர் என்று கணிப்பது போன்ற வேலை இது.

அக்கணிப்பை இப்போது இயந்திரக் கற்றல் ஏற்றிருக்கிறது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், மூவர் கருவிக்குள் படுத்து ஒவ்வொருவரும் 16 மணி நேரம் கதைகளைக் கேட்டனர். எவ்வகைப் பொருளுக்கு எவ்வாறு குருதியோட்டம் மாறுகிறது என்பதைக் கணினி அவரவர்க்குத் தனித்தனியே கற்றுக்கொண்டது. பின்னர் அவர்கள் கேட்ட புதிய கதையை மொழி மாதிரி ஒன்றின் துணையோடு ஊகித்து எழுதியது. கதை சொல்பவர் தமக்கு இன்னும் ஓட்டுநர் உரிமம் இல்லை என்கிறார்; அவள் இன்னும் வண்டியோட்டக் கற்கவே தொடங்கவில்லை என்று கணினி எழுதுகிறது. ‘நான்’ போய் ‘அவள்’ வந்துவிட்டது. கருத்து மட்டும் ஏறக்குறைய நிற்கிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவரின் குடும்பத்தார்க்கு இந்த ‘ஏறக்குறைய’ பெருஞ்செல்வம். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்க்கு அதுவே பேராபத்து.

அதே ஆய்வில், பங்கேற்றோர் மனத்துள் விலங்குகளின் பெயர்களை அடுக்கியபோதும் வேறு கதையை நினைத்தபோதும் கணினி தடுமாறியது. ஒருவரிடம் கற்றது மற்றொருவரிடம் பயன்படவில்லை. ஆகவே அஞ்சத் தேவையில்லை என்பர் சிலர். கருவியின் இயலாமையை நம் காவலாகக் கொள்வது எத்தனை நாளைக்கு? பயிற்சி நேரத்தைக் குறைக்கும் முயற்சிகள் தொடங்கிவிட்டன.

நம் நாட்டில் இதற்கு நல்லதொரு தொடக்கம் உண்டு. செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் சோதனை உள்ளிட்டவற்றை எவர்மீதும் கட்டாயமாக நடத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆயினும் கட்டாயம் என்பது கையைப் பிடித்து இழுத்து வருவது மட்டுமா? வேலை வேண்டுமானால் கையெழுத்திடு என்பதும், காப்பீடு வேண்டுமானால் படுத்துக்கொள் என்பதும் கட்டாயமே. அத்தகைய ஒப்புதல் செல்லாது எனச் சட்டம் இப்போதே சொல்ல வேண்டும். ஆய்வுக்காக மனமுவந்து 16 மணி நேரம் படுத்திருந்தவர், பின்னொரு நாள் தம் மூளைப் பதிவுகளை அழிக்கக் கேட்டால் அழித்தாக வேண்டும் என்பதையும் அச்சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.