டிபியை மறைக்கச் சொல்லும் மகான்களே!

அமெரிக்க குடியேற்ற விசாவுக்கு மெடிக்கல்னு சொன்னா போதும், அம்பத்தூர்ல இலவச ஆலோசனை கொட்டும். "முன்னாடி டிபி வந்ததை மூச்சு விடாதே, பழைய ஃபைலைக் கிழிச்சுப் போடு!"

அடப்பாவிகளா! வாயை மூடிக்கலாம், எக்ஸ்ரேயை மூட முடியுமா? 15 வயசுலேர்ந்து எக்ஸ்ரே கட்டாயம். ஆறின தழும்புகூட அதுல தெரியலாம். சந்தேகம் வந்தா மூணு நாள் சளிப் பரிசோதனை, கல்ச்சருக்கு எட்டு வாரம் வரை காத்திருப்பு. அப்போ டாக்டர் கேக்கறதே பழைய படமும், மருந்து முழுசா சாப்பிட்டதுக்கான சீட்டும்தான். அதையா கிழிக்கச் சொல்றீங்க?

குணமான டிபி விசாவைத் தடுக்காது மக்களே. ரெண்டு வாரமா இருமலா? ஆவடி அரசு மருத்துவமனைக்குப் போங்க, டிபி மாத்திரை அரசாங்கத்துல இலவசம்.

1928லயே தாம்பரத்துல சானடோரியம் வந்துடுச்சு. இன்னுமாய்யா டிபின்னா அவமானம்?