ஒளிக்கு வழி சொன்ன பஞ்சரத்தினம்



விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு நெற்றி விளக்கின் அருமை தெரியும். சுங்கை லாலாங் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெளிச்சம் சிதறினால் கோடு தெரியாது. உளி ஆழமாக இறங்கி மரத்துக்குக் காயம். விளக்கின் குழிந்த தட்டுதான் வெளிச்சத்தைக் குவித்துக் கொடுக்கிறது. பூதக்கண்ணாடியும் நடுவில் தடித்திருப்பதால்தான் குவிக்கிறது.

குழிவும் தடிப்பும் இல்லாத தட்டையான மெல்லிய தகட்டாலும் ஒளியைக் குவிக்கலாம் என்றால் நம்புவீர்களா? அதற்கான ஒரு வழி, நம்மவர் ஒருவரின் ஆராய்ச்சியில் இருந்தது.

அவர் பெயர் எஸ். பஞ்சரத்தினம். 1934இல் கல்கத்தாவில் பிறந்தவர், சர் சி. வி. இராமனின் சகோதரி மகன். பெங்களூரில் மாமாவின் ஆராய்ச்சி நிலையத்தில் படிகங்களை ஆராய்ந்தார். 1956இல், 22 வயதில், அந்தக் கட்டுரையை எழுதினார்.

அது சொல்வது என்ன? வீட்டில் ஒரு பந்தும் தீக்குச்சியும் எடுங்கள். பந்தின் உச்சியில் குச்சியின் தலை உங்களைப் பார்க்கட்டும். குச்சியைத் திருகாமல் பந்தின் இடுப்புவரை இறக்குங்கள். தலை கீழ்நோக்கியபடியே வலப்புறம் கால்வட்டம் நகர்த்துங்கள். பிறகு நேரே உச்சிக்கு ஏற்றுங்கள். நீங்கள் திருகவே இல்லை. ஆனால் தலை இப்போது வலப்பக்கம் பார்க்கிறது!

ஒளியும் அப்படித்தான். அது அலை, அதற்கு அதிரும் திசை உண்டு. அந்தத் திசையைப் படிப்படியாக மாற்றி, பழைய நிலைக்கே கொண்டு வந்தாலும், அலையின் ஏற்ற இறக்கம் சற்றுத் தள்ளி நிற்கும். தகட்டில் இடத்துக்கு இடம் இந்தத் தள்ளலை மாற்றி அமைத்தால், ஒளி குவியும். புரியாக முறுக்கிக்கொண்டும் போகும். முறுக்கிய ஒளியின் நடுவில் இருட்டு, சுற்றிலும் வளையம். நுண்ணிய துகளை அதனால் பிடித்துச் சுழற்றலாம். இத்தகைய தகடுகள் பலவும் திரவப் படிகத்தால் ஆனவை. அத்துறையில் பெயர் பெற்றவர் பஞ்சரத்தினத்தின் அண்ணன் எஸ். சந்திரசேகர்!

ஆனால் அந்தக் கட்டுரை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1984இல் இங்கிலாந்தின் மைக்கேல் பெர்ரி இதையொத்த உண்மையைத் தனியே கண்டார். பெங்களூர் அறிஞர்கள் பழைய கட்டுரையைச் சுட்டிக்காட்ட, 1987இல் பெர்ரியே அதன் பெருமையை எழுதினார். இன்று அதற்குப் பஞ்சரத்தினம்-பெர்ரி என்றே பெயர்.

அதைக் கேட்க அவர் இல்லை. 1969இல் ஆக்ஸ்போர்டில் 35 வயதிலேயே மறைந்துவிட்டார்.

பெற்றோர்களே, பிள்ளை பந்தையும் குச்சியையும் வைத்துக்கொண்டு எதையோ யோசித்தால், "விளையாட்டுப் புத்தி" என்று அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன கண்டாய்?" என்று கேளுங்கள்.